மனம் வராத நாளிலும் அன்புகூர: புதுத் தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஆலயத்தில் திருமணம் நடத்திவைக்கும் போதகர் மணமகனைப் பார்த்து, "இந்தப் பெண்மேல் உனக்குக் காதல் வந்துவிட்டதா?" என்று கேட்பதில்லை. இவளை மனைவியாக ஏற்று, நேசித்து, கனம்பண்ணி, சுகத்திலும் வியாதியிலும் காப்பாற்றுவாயா என்றுதான் கேட்கிறார். மணமகளிடமும் ஏறக்குறைய அதே கேள்விதான். இங்கிலாந்து திருச்சபை 1549-இல் வெளியிட்ட பொது ஜெபப் புத்தகத்திலேயே கேள்வி இப்படித்தான் இருக்கிறது. அதன் வழிவந்த திருமண ஒழுங்குகள் இன்றும் பல சபைகளில் புழக்கத்தில் உள்ளன. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, 1057-ஆம் பிரிவில் இதை இன்னும் பச்சையாகவே சொல்லிவிடுகிறது: திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதம், அந்தச் சம்மதம் சித்தத்தால் செய்யப்படும் ஒரு செயல்.

நாளைக் காலை எனக்கு என்ன தோன்றும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. நாளைக் காலை நான் என்ன செய்வேன் என்று கொடுக்கலாம். நீங்கள் கொடுத்தது இரண்டாவது வகை வாக்கு. அதை முதல் ஓரிரு வருடங்களில் எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அதற்காக உணர்ச்சியை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. ஆசையும் ஏக்கமும் தவறென்றால் வேதாகமத்தின் நடுவில் உன்னதப்பாட்டுக்கு எட்டு அதிகாரம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். ஆசை இருக்கும்போது அனுபவியுங்கள். அது இருக்கிறதா போய்விட்டதா என்று தினமும் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அவ்வளவுதான்.

தொடங்கும் முன்: இதற்கான பலம் எங்கிருந்து வருகிறது

"தினமும் தீர்மானம் எடுத்து நேசி" என்று மட்டும் சொன்னால் அது ஒரு சுமை. கிறிஸ்தவ விசுவாசம் அங்கிருந்து தொடங்குவதில்லை. நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:8 சொல்கிறது. நாம் நேசிக்கத்தக்கவர்களாக மாறும்வரை அவர் காத்திருக்கவில்லை. கெத்செமனேயில் அவர் உற்சாகத்தோடு சிலுவைக்குக் கிளம்பியதாகச் சுவிசேஷம் எழுதவும் இல்லை. இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார். பிறகு, "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். விருப்பம் ஒரு பக்கம் இழுக்க, தீர்மானம் மறுபக்கம் நின்றது. இப்படி நேசிக்கப்பட்டவர்கள்தான் இப்போது நேசிக்கக் கற்றுக்கொள்கிறோம். "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்" என்று யோவான் எழுதுவது இதைத்தான். கை வறண்டுபோனதாகத் தோன்றும் நாளில் இன்னும் பல்லைக் கடித்துக்கொள்வதைவிட, இதை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பார்ப்பது அதிகம் உதவும்.

1. கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துப் படியுங்கள்

திருமணத்தன்று புகைப்படக்காரரும் விருந்தினர்களும் சூழ நிற்க, போதகர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னீர்கள். என்ன சொன்னோம் என்று பலருக்கு நினைவிருக்காது. சபையில் கேட்டால் திருமண ஒழுங்கின் அச்சுப்பிரதி கிடைக்கும். இருவரும் உட்கார்ந்து வாய்விட்டு ஒருமுறை படியுங்கள்.

பிறகு ஒவ்வொரு சொல்லையும் இந்த வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். "வியாதியிலும்" என்றால், இவருக்கு இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறினால் எழுந்திருக்கப்போவது நான். "வறுமையிலும்" என்றால், என் சம்பளம், கடன், பெற்றோருக்கு அனுப்பும் தொகை எதையும் மறைக்காமல் ஒரு தாளில் எழுதிக் காட்டுவது. இந்தப் பணப் பேச்சை முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள் என்பது என் கட்சி. தள்ளிப்போடப் போட அது வளர்ந்துகொண்டே போகும்.

2. அன்பின் அதிகாரத்திலிருந்து ஒரே ஒரு வரியை எடுங்கள்

1 கொரிந்தியர் 13 திருமண அழைப்பிதழ்களில் அடிக்கடி அச்சாகிறது. ஆனால் பவுல் அதை எந்தத் தம்பதிக்காகவும் எழுதவில்லை. கட்சி கட்டிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு, கர்த்தருடைய பந்தியில்கூட ஒருவருக்காக ஒருவர் காத்திருக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதினார். சண்டை போடுகிறவர்களுக்காகவே எழுதப்பட்ட அதிகாரம் அது. புதுத் தம்பதிகளுக்கு அது பொருந்துவதும் அந்தக் காரணத்தால்தான்.

அதிலுள்ள பட்டியல் நீளமானது. நீடிய சாந்தம், தயவு, பொறாமையில்லை, தன்னைப் புகழாது, சினமடையாது, தீங்கு நினையாது என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிடிக்கப் பார்த்தால் ஒன்றும் கைக்கு வராது. ஒரு மாதத்துக்கு ஒரு வரி போதும். எந்த வரி என்பதை உங்களுக்கு நீங்களே தேர்ந்தெடுங்கள். துணைக்கு எது தேவை என்று நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மீறினால் முழு முயற்சியும் கெட்டுவிடும்.

"தீங்கு நினையாது" என்பதை எடுத்தீர்கள் என்று வையுங்கள். குளித்துவிட்டு வந்தவர் ஈரத் துண்டை மறுபடி கட்டில்மேலேயே போட்டிருக்கிறார். உங்கள் வாயில் வரப்போகும் வாக்கியம், "எத்தனை தடவை சொல்றது? போன வாரமும் இப்படித்தான், அன்னிக்கு எங்க அம்மா வந்திருந்தப்பவும் இப்படித்தான்." கவனித்தீர்களா, துண்டு ஒன்றுதான், பேச்சில் மூன்று சம்பவங்கள் வந்துவிட்டன. இந்த மாதம் நீங்கள் செய்யவேண்டியது பின்னிரண்டையும் வெட்டிவிடுவது. "துண்டைக் கொஞ்சம் காயப்போட்டுடுங்க, மெத்தை நனையுது." அத்தோடு விட்டுவிடுங்கள். துண்டைப் பற்றிப் பேசக்கூடாது என்று அன்பு சொல்வதில்லை. பழைய கணக்கை மேசைக்குக் கொண்டுவராதே என்று சொல்கிறது.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்த அளவுக்குச் சிறியதாக இருந்தால்தான் தீர்மானம் நடைமுறைக்கு வரும். "இனிமேல் நல்ல கணவனாக இருப்பேன்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன செய்வது என்று தெரியாது.

3. முதல் வருடத்தைக் காலி செய்து வையுங்கள்

உபாகமம் 24:5-இல் ஓர் அழகான சட்டம் இருக்கிறது. புதிதாக மணமுடித்தவன் ஒரு வருடம் யுத்தத்துக்குப் போகவேண்டாம், அவன்மேல் வேறு வேலையும் சுமத்தவேண்டாம், வீட்டிலிருந்து தன் மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்கிறது. பழைய இஸ்ரவேலில் போர்க்காலத்திலும் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? கல்யாணம் முடிந்த கையோடு இருவரையும் பாடகர் குழுவிலும் வாலிபர் கூட்டத்திலும் ஓய்வுநாள் பள்ளியிலும் போட்டுவிடுகிறோம். வாரத்தில் நான்கு சாயங்காலம் ஊழியத்துக்குப் போகிற தம்பதியை எல்லாரும் பாராட்டுவார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசி எத்தனை நாளாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. முதல் வருடம் சபையில் ஒரு பொறுப்புக்கு மேல் ஏற்காதீர்கள். கேட்கிறவர்களிடம் இந்த வசனத்தைக் காட்டுங்கள். போதகர்கள் மறுத்துப் பேசுவது கஷ்டம்.

மிச்சமாகும் நேரத்தில் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, பேசுங்கள். "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்றால் "நல்லா போச்சு" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "இன்னிக்கு எது ரொம்ப எரிச்சலா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும்போது தீர்வு சொல்லப் பாயாதீர்கள். முக்கியமாக ஆண்கள்.

4. சண்டை வரும், எப்படிச் சண்டை போடுவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" (எபேசியர் 4:26). இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, தீர்வு கிடைக்கும்வரை தூங்கமாட்டோம் என்று நள்ளிரவு தாண்டியும் வாதாடுகிற தம்பதிகள் இருக்கிறார்கள். களைத்துப்போன இரண்டு பேர் இரவு ஒரு மணிக்குப் பேசி எந்தப் பிரச்சினையும் தீர்ந்ததில்லை. வசனம் கேட்பது எரிச்சல் தணிவதை. வழக்கு முழுவதும் அன்றே தீர்ப்பாகவேண்டும் என்று அது சொல்லவில்லை. "இது இன்னும் முடியல. ஆனா உன்மேல எனக்கு வெறுப்பு இல்ல. நாளைக்குச் சாயங்காலம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுத் தூங்குவது அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதுதான். மறுநாள் சாயங்காலம் மறக்காமல் அந்தப் பேச்சை எடுக்கவேண்டும், இல்லையென்றால் அது வெறும் தப்பித்தல்.

சில விதிகளைச் சமாதானமாக இருக்கும் நாளிலேயே பேசி முடிவெடுங்கள். பிறந்த வீட்டை, புகுந்த வீட்டை இழுப்பதில்லை. "எப்பவும் இப்படித்தான்" என்ற சொல்லை எடுப்பதில்லை. பிரிந்துவிடலாம் என்று மிரட்டுவதில்லை. இந்த மூன்றாவதை ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த சண்டை சின்னதாக இருந்தாலும் அந்தச் சொல் அறையில் நின்றுகொண்டிருக்கும்.

மன்னிப்புக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "சரி, தப்புதான், மன்னிச்சிடு, ஆனா நீயும் அப்படிப் பேசியிருக்கக்கூடாது" என்பது மன்னிப்பு இல்லை, எதிர்வழக்கு. இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: "உங்க தங்கச்சி முன்னாடி உங்களக் கிண்டல் பண்ணிட்டேன். உங்களுக்கு அவமானமா இருந்திருக்கும். நான் செஞ்சது தப்பு, மன்னிச்சிடுங்க." செய்தது என்ன, அது எங்கே வலித்தது, தவறு என்னுடையது. இதற்குப் பின்னால் "ஆனால்" வரக்கூடாது. மறுதரப்பு தன் பங்குக்குக் கேட்குமா என்று காத்திருக்கவும் கூடாது. கேட்டால் நல்லது.

மன்னிக்கிறவருக்கும் ஒரு வார்த்தை. மன்னித்தேன் என்பது ஒரே நாளில் எடுக்கக்கூடிய முடிவு. உடைந்த நம்பிக்கை திரும்பி வருவதற்கு நாள் பிடிக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, "மன்னிச்சுட்டேன்னு சொன்னியே, இன்னும் ஏன் சந்தேகப்படுற?" என்று அவசரப்படுத்துவது நியாயமில்லை.

5. அடுத்தவருக்கு எழுதிய வசனத்தை நீங்கள் படிக்காதீர்கள்

எபேசியர் 5-ஆம் அதிகாரத்தை வைத்துக்கொண்டு நடக்கும் சண்டைகளுக்குக் கணக்கில்லை. கணவன், "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்ற பகுதியை மனப்பாடமாகச் சொல்வான். மனைவி, "கிறிஸ்து சபையில் அன்புகூர்ந்ததுபோல" என்ற பகுதியைச் சொல்வாள். இருவருமே மற்றவர் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே இடத்தில், 21-ஆம் வசனத்தில், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுத்தான் பவுல் வீட்டுக்குள் வருகிறார். மனைவிகளுக்கு 22 முதல் 24 வரை மூன்று வசனம். 25-இல் தொடங்கிக் கடைசிவரை பெரும்பாலும் கணவனுக்குத்தான். அங்கே கணவன்முன் வைக்கப்படும் மாதிரி, தன்னையே ஒப்புக்கொடுத்த கிறிஸ்து. அதிகாரம் செலுத்த ஆதாரம் தேடி அந்தப் பகுதிக்குள் போகிற கணவன், படிக்கத் தெரிந்தவனாக இருந்தால், தலைகுனிந்துதான் வெளியே வருவான். போதாக்குறைக்குப் பேதுருவும் சேர்ந்துகொள்கிறார்: மனைவியைக் கனம்பண்ணாதவனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்கிறார் (1 பேதுரு 3:7).

6. நேரடியாகப் பேசுங்கள், முக்கியமாகப் பிள்ளைகள் வந்தபிறகு

பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்பதால் "முன்பின் தெரியாதவரை எப்படி நேசிப்பது" என்று தயங்குகிறவர்கள் ஈசாக்கின் கதையைப் படிக்கலாம். ரெபெக்காளைத் தேடிப் போனது அவன் தகப்பன் ஆபிரகாமின் ஊழியக்காரன். அவளைக் கண்டுபிடித்து, பேசி முடித்து, அழைத்துவந்ததும் அவன்தான். ஈசாக்கு அவளைத் தாயின் கூடாரத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், மனைவியாக்கிக்கொண்டு, நேசித்தான் என்று ஆதியாகமம் 24:67 இந்த வரிசையில்தான் சொல்கிறது. நேசம் கடைசியில் வருகிறது. மணமுடிக்கும்போது அவனுக்கு 40 வயது. பிள்ளைகள் பிறந்தபோது 60. இடைப்பட்ட இருபது வருடமும் குழந்தையில்லை. அவன் மனைவிக்காக ஜெபம் பண்ணினான் என்று படிக்கிறோம். நல்ல தம்பதி.

பிறகு என்ன ஆயிற்று? ஈசாக்கு மூத்த மகன் ஏசாவின் பக்கம், ரெபெக்காள் இளையவன் யாக்கோபின் பக்கம். 27-ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு படியுங்கள். கணவன் மூத்தவனிடம் பேசுவதை மனைவி ஒட்டுக்கேட்கிறாள். கேட்டவள் கணவனிடம் போகவில்லை. இளையவனிடம் போய்த் திட்டம் தீட்டுகிறாள். பார்வை மங்கிய மனிதனை அவன் வீட்டாரே ஏமாற்றுகிறார்கள். கணவனிடம் அவள் நேரடியாகப் பேசுவதை அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தில்தான் பார்க்கிறோம், அதுவும் மருமகள்களைப் பற்றிய சலிப்பு. நேசித்துத் தொடங்கிய வீட்டில்தான் இதுவும் நடந்தது. இடையில் எங்கோ புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆகவே, துணையிடம் சொல்லவேண்டியதைத் துணையிடமே சொல்லுங்கள். "அப்பாகிட்ட சொல்லு" என்று குழந்தையைத் தூது அனுப்பாதீர்கள். அம்மாவுக்குப் போன் போட்டு முதலில் அங்கே கொட்டாதீர்கள். மனிதன் தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடே இசைந்திருப்பான் என்று ஆதியாகமம் 2:24 சொல்வது பெற்றோரைக் கைவிடச் சொல்லி அல்ல. கனம்பண்ணும் கட்டளை அப்படியே இருக்கிறது. குடும்ப முடிவை முதலில் நீங்கள் இருவரும் பேசி எடுங்கள், பிறகு அவரவர் பெற்றோரிடம் அவரவரே போய்ச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடம் "முடியாது" என்று சொல்லவேண்டியிருந்தால், அதைச் சொல்லும் வேலையை உங்கள் மனைவி தலையில் கட்டக்கூடாது.

7. படுக்கையும் ஜெபமும்

இந்த இரண்டைப் பற்றியும் பவுல் ஒரே மூச்சில் பேசுகிறார் (1 கொரிந்தியர் 7:3-5). கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் கடமைப்பட்டவர்கள். தன் உடல்மேல் தனக்கு மட்டும் உரிமை இல்லை என்பது இருவருக்கும் சமமாகச் சொல்லப்படுகிறது. சில காலம் விலகியிருப்பதும் இருவர் சம்மதத்தோடு. கட்டாயப்படுத்துவதற்கு இந்தப் பகுதியில் இடமே இல்லை. களைப்பு, வலி, பயம், விருப்பம் எல்லாவற்றையும் வெட்கப்படாமல் பேசுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள்.

சேர்ந்து ஜெபிப்பது பலருக்கு அதைவிடக் கூச்சம் தருகிறது. இரண்டே நிமிடத்தில் தொடங்குங்கள். இருவரும் ஆளுக்கொரு நன்றி, ஆளுக்கொரு தேவை, அவ்வளவுதான். ஒரே எச்சரிக்கை: "ஆண்டவரே, இவருடைய கோபத்தை எடுத்துப்போடும், இவருக்குப் பொறுப்பைத் தாரும்" என்று அவர் காதுபட ஜெபிப்பது, கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது. தனியே இருக்கும்போது அப்படி ஜெபித்துக்கொள்ளலாம், தடையில்லை.

8. எதுவுமே தோன்றாத நாட்களில்

வரும். அவரைப் பார்த்தால் எரிச்சலும் இல்லை, பாசமும் இல்லை, ஒன்றுமே இல்லை என்ற நாட்கள். தவறானவரைக் கட்டிக்கொண்டோமோ என்று அன்றைக்கு உட்கார்ந்து ஆராயாதீர்கள். முதலில் தூக்கத்தைப் பாருங்கள். வேலைச் சுமை, உடல்நிலை, குழந்தை பிறந்தபின் வரும் மனச்சோர்வு, இவையெல்லாம் அன்பில்லாமை போலவே முகம் காட்டும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. விசுவாசக் குறைவு என்று அதற்குப் பெயர் வைத்து ஒருவரைக் குற்ற உணர்ச்சியில் தள்ளாதீர்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், பாசம் இருந்தால் என்ன செய்வீர்களோ அதில் மிகச் சிறிய ஒன்றைச் செய்யுங்கள். அவர் செய்யவேண்டிய பாத்திரம் கழுவும் முறையை நீங்கள் செய்துவிடுங்கள். செய்ததைச் சொல்லிக்காட்டாதீர்கள். நடிப்பாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லாத உணர்ச்சியை இருப்பதாக வாயால் சொன்னால்தான் அது நடிப்பு. கொடுத்த வாக்கைக் கையால் காப்பாற்றுவதை நடிப்பென்று யாரும் சொல்வதில்லை.

எங்கே இந்த வழிகாட்டி பொருந்தாது

அடி உதை, மிரட்டல், பணத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, யாரோடும் பேசவிடாமல் அடைப்பது நடக்கும் வீட்டில், "அன்பு சகலத்தையும் தாங்கும்" என்று சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்புவது வசனத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்துவது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. நம்பகமானவர்களிடம் சொல்லி, பாதுகாப்பான இடத்துக்குப் போய், சட்ட உதவி தேடுவதில் பாவம் எதுவுமில்லை. மன்னிப்பைப் பற்றிய பேச்சு, ஆபத்து நீங்கியபிறகு, அவருக்கு முடிகிறபோது.

மற்றபடி சாதாரணச் சிக்கல்களுக்கு, பிரச்சினை சிறியதாக இருக்கும்போதே வெளியே ஒருவரிடம் போங்கள். கணவன், மனைவி இருவருமே நம்புகிற ஒருவராக இருக்கவேண்டும். போதகரோ, பல வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒரு மூத்த தம்பதியோ, முறையாகப் பயிற்சி பெற்ற ஆலோசகரோ யாராகவும் இருக்கலாம். ஒரு தரப்பின் உறவினர் வேண்டாம். கேட்டதை அடுத்த ஞாயிறு ஜெபக்குறிப்பாக வாசிக்கிறவரும் வேண்டாம். போன் செய்யும்போது நீளமாக விளக்கத் தேவையில்லை. "நாங்க ரெண்டு பேரும் ஒரு விஷயத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறோம், ஒரு மணி நேரம் வந்து பேசலாமா?" என்று கேட்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். துணை வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள், போவதை அவரிடம் சொல்லிவிட்டே போங்கள்.